இலண்டன் நூலும் மட்டக்களப்பு வானமும்

களுவாஞ்சிகுடியில் ஒன்பதாம் தரத்தில் கற்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “இலண்டனிலிருந்து வந்த மாமா, சிறுவர்களுக்கான வானியல் நூலொன்றைத் தந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் சுழற்றிப் பார்க்கும் நட்சத்திர வட்டு இருக்கிறது. சப்தரிஷி மண்டலம் ஒருநாளும் மறையாது என்றும், துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்துக்கு மேலே நிற்கும் என்றும் நூல் சொல்கிறது. இரண்டுமே இங்கு சரிவரவில்லை. நூல் பிழையா, நான் பார்ப்பது பிழையா?”

இரண்டுமே பிழையில்லை. நூல் இலண்டன் வானத்தைச் சொல்கிறது. மாணவி களுவாஞ்சிகுடி வானத்தைப் பார்க்கிறார். வானத்தின் துருவம் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு என்பதைப் பாடசாலையில் படித்திருப்போம். இலண்டனுக்கு அது 51.5 பாகை, மட்டக்களப்பு நகருக்கு 7.7 பாகை. ஆகவே துருவ நட்சத்திரம் நமக்கு, கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அந்த முட்டி மறைக்கும் உயரத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவ்வளவு தாழ்ந்த கோணத்தில் வரும் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். கடலோர ஈரக்காற்றில், நடுத்தரப் பிரகாசமே உள்ள அந்த நட்சத்திரம் பெரும்பாலான இரவுகளில் மங்கித் தொலைந்துபோகிறது. மறையாமல் சுற்றும் நட்சத்திரங்கள் என்பவை துருவத்திலிருந்து 7.7 பாகைக்குள் இருப்பவை மாத்திரமே. சப்தரிஷி மண்டலம் அதற்கு வெகு வெளியே இருப்பதால் ஒக்டோபர் மாத முன்னிரவுகளில் அதை எங்கு தேடினாலும் கிடைக்காது.

வெளிநாட்டுச் சிறுவர் நூல்களில் இத்தகைய இடங்கள் இன்னும் உண்டு. நண்பகற் சூரியனை நோக்கி நின்றால் தெற்கை நோக்கி நிற்கிறீர்கள் என்று எழுதியிருப்பார்கள். நமக்கோ ஏப்ரல் 10ஆம் திகதியளவிலிருந்து செப்டெம்பர் தொடக்கம்வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வளர்பிறையை நிமிர்ந்து நிற்பதாக வரைந்திருப்பார்கள். நம் மேற்கு வானில் அது பெரும்பாலும் மல்லாந்து கிடக்கிறது. நூலும் கண்ணும் முரண்படும்போது பிள்ளை தன் கண்ணைச் சந்தேகிப்பதுதான் எனக்குக் கவலை தருவது. இந்த மாணவி கேள்வியாவது கேட்டார்.

அந்தக் கடைசிப் பக்க வட்டுக்கு வருவோம். சிறுவர் வானியல் நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மட்டைகள், நடுவில் ஓர் ஆணி. கீழ் மட்டையில் நட்சத்திரங்களும் விளிம்பைச் சுற்றி ஆண்டின் திகதிகளும் உள்ளன. மேல் மட்டையில் ஒரு சாளரமும் அதன் விளிம்பில் மணிகளும் உள்ளன. இன்றைய திகதியை இப்போதைய மணிக்கு நேரே கொண்டுவந்தால், இப்போது வானில் உள்ளவை சாளரத்துக்குள் வந்துவிடுகின்றன. திகதி, மணி என்று இரண்டு தகவல்களைக் கொடுக்கிறோம். வட்டுக்கோ ஒரே ஓர் அசைவுதான் தெரியும். அது எப்படிப் போதுமாகிறது?

புவி ஒருமுறை முழுதாகச் சுழல எடுப்பது 24 மணித்தியாலம் அன்று; 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4 செக்கன். அந்த நேரத்துக்குள் புவி சூரியனைச் சுற்றிய பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியனை மீண்டும் அதே திசையில் காண இன்னும் ஒரு பாகை கூடுதலாகத் திரும்பவேண்டியிருக்கிறது; அந்த ஒரு பாகைக்கு ஆகும் சுமார் நான்கு நிமிடத்தையும் சேர்த்தே நம் கடிகாரம் ஒரு நாளை 24 மணித்தியாலம் என்கிறது. நட்சத்திரங்கள் மிகத் தொலைவில் இருப்பதால் அவற்றுக்கு இந்தக் கூடுதல் திருப்பம் தேவையில்லை. எனவே ஒவ்வொரு நட்சத்திரமும் முந்திய நாளைவிட ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தியே அதே இடத்துக்கு வருகிறது. ஒரு மாதத்தில் அது இரண்டு மணித்தியாலமாகிறது. பன்னிரண்டு மாதத்தில் சரியாக 24 மணித்தியாலமாகிறது. சனவரி 15ஆம் திகதி இரவு 10 மணிக்கு இருந்த அதே வானம் பெப்ரவரி 15ஆம் திகதி இரவு 8 மணிக்கு இருக்கும். ஒரு மாதம் கழிந்தாலும் இரண்டு மணித்தியாலம் கழிந்தாலும் நட்சத்திரங்கள் திரும்பும் கோணம் ஒன்றே, 30 பாகை. ஆண்டும் நாளும் ஒரே வட்டத்தின் விளிம்பில் பிசகில்லாமல் பொருந்திக்கொள்வதனாற்றான் ஓர் ஆணியும் இரண்டு மட்டைகளும் போதுமாகின்றன. நாள் என்பதையும் ஆண்டு என்பதையும் பாடப்புத்தகம் இரண்டு தனித்தனி அலகுகளாகக் கற்பிக்கிறது. அவை ஒன்றுக்கொன்று உறவினர் என்பதைப் பிள்ளை தன் விரலால் உணரக்கூடிய கருவி இதைவிட வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் மட்டக்களப்புக்கு ஒரு சலுகையும் உண்டு. இலங்கையின் நியம நேரம் கிழக்கு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது, மட்டக்களப்பு 81.7 பாகையில் இருப்பதால் நம் வானத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் மூன்று நிமிடம் சொச்சமே வேறுபாடு. கொழும்பில் இது பத்து நிமிடத்தைத் தாண்டும். (1996இல் நாட்டின் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்வரை, “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்காமல் இங்கு யாரும் ஓர் அலுவலுக்கு நேரம் குறித்ததில்லை. அக்காலத்தில் இத்தகைய வட்டொன்று செய்திருந்தால் அரை மணித்தியாலப் பிசகுக்காக அதன் விளிம்பில் ஏழரைப் பாகை தள்ளிக் குறிக்கவேண்டியிருந்திருக்கும்.)

இனிச் சாளரம். அதன் விளிம்புதான் தொடுவானம், அதன் வடிவத்துக்குள்தான் அகலக்கோடு ஒளிந்திருக்கிறது. இலண்டன் வட்டின் சாளரம் ஒரு பெரிய நீள்வட்டம். அதே முறையில் நமக்கு ஒன்று வரைய முயன்றால் சிக்கல் வருகிறது. வடதுருவத்தை நடுவில் வைத்து வானத்தை விரிப்பது, தோடம்பழத் தோலைக் காம்பிலிருந்து உரித்து மேசையில் தட்டையாக அழுத்துவதற்கு ஒப்பானது: காம்பின் அருகே ஒன்றும் நேராது, அடிப்பக்கமோ இழுபட்டுக் கிழியும். இலண்டனிலிருந்து அடிப்பக்கம் தெரியாது, ஆகவே கவலையில்லை. நமக்கோ தென்துருவத்துக்கு 7.7 பாகை அருகுவரை வானம் திறந்திருக்கிறது. படுவான்கரை வயல்வெளிகளில் மே நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் அடி நட்சத்திரம்கூடத் தொடுவானிலிருந்து 19 பாகை உயரத்தில் இருக்கும். அந்த நட்சத்திரம் இருக்கும் இடம் வடதுருவ வரைபடத்தில் குறுக்குவாட்டில் ஏறத்தாழ ஆறு மடங்கு இழுபட்டுவிடுகிறது. சிலுவை சிலுவையாக இராது, படுக்கைக் கோடாகிவிடும்.

தீர்வு, வானத்தை வானமத்தியகோட்டில், அதாவது புவியின் மத்தியகோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டில், இரண்டாகப் பிரித்து இரண்டு வட்டுகளாக்குவது: வடக்கை நோக்கி நின்று பார்க்க ஒன்று, தெற்கை நோக்கி நின்று பார்க்க ஒன்று. இங்குதான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி இருக்கிறது. மத்தியகோட்டில் நிற்பவருக்குத் தொடுவானம் இரு துருவங்களின் ஊடாகவும் செல்வதால், ஒவ்வொரு வட்டிலும் சாளரத்தின் ஓரம் நடுப்புள்ளியூடாகச் செல்லும் நேர்கோடாகிவிடுகிறது. மட்டக்களப்பு மத்தியகோட்டுக்கு அவ்வளவு அருகில் இருப்பதால், நமக்கும் அது ஏறத்தாழ நேர்கோடே. பிறிஸ்டல் போட் ஒன்றில் கவராயத்தால் 90 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டம் வரையுங்கள். ஒரு பாகைக்கு ஒரு மில்லிமீற்றர். வடக்கு வட்டுக்குரிய மேல்மட்டையில் இடமிருந்து வலமாக நடுப்புள்ளியூடாக ஒரு விட்டத்தை வரைந்து, நடுப்புள்ளிக்குக் கீழே 8 மில்லிமீற்றரில் ஒரு புள்ளி, அதன் இருபுறமும் 45 மில்லிமீற்றர் தள்ளி விட்டத்துக்குக் கீழே 6 மில்லிமீற்றரில் இரண்டு புள்ளிகள் இடுங்கள். விட்டத்தின் இரு முனைகளையும் இந்த மூன்று புள்ளிகளையும் ஒரு மெல்லிய வளைவால் இணைத்தால் அதுவே மட்டக்களப்பின் வடதொடுவானம். வளைவுக்கு மேலுள்ள பகுதியை வெட்டியெடுத்தால் சாளரம் ஆயத்தமாகிவிடும். தெற்கு வட்டுக்கு அதே வளைவைத் தலைகீழாக, நடுப்புள்ளிக்கு மேலே 8 மில்லிமீற்றரில் வைக்கவேண்டும். இலண்டன்காரர் இதே அளவில் நடுப்புள்ளிக்குக் கீழே 51 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கும் வளைவொன்றைக் கணக்கிட்டு வரையவேண்டியிருக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

இலண்டனிலிருந்து தெரியும் நட்சத்திரங்களைக் குறிக்க இலண்டன் நூலே உதவும். நட்சத்திரங்களின் ஆள்கூறுகள் எந்த நாட்டிலும் ஒன்றே, மாறுவது சாளரம் மாத்திரமே. விளிம்பில் ஒரு நாளுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். வடக்கை நோக்கி நின்றால் வானம் இடஞ்சுழியாகவும் தெற்கை நோக்கி நின்றால் வலஞ்சுழியாகவும் திரும்புவதால், இரண்டு வட்டுகளிலும் திகதிகளை எதிரெதிர் ஒழுங்கில் எழுதவேண்டும். இதை மறந்தவரின் வட்டில் நட்சத்திரங்கள் மேற்கில் உதிக்கும்.

வட்டு சரிதானா என்று பார்க்க மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் ஓர் அரிய சோதனை வாய்த்திருக்கிறது. வடக்கு வட்டில் உச்சிக்குரிய புள்ளி நடுவிலிருந்து 82.3 மில்லிமீற்றர் மேலே வரும். வேட்டைக்காரன் உடுத்தொகுதியின் தோளில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரை, நூலில் பீட்டல்ஜூஸ் என்று இருப்பது, நடுவிலிருந்து 82.6 மில்லிமீற்றரில் இருக்கிறது. அதாவது அந்த நட்சத்திரம் மட்டக்களப்பின் நேர் உச்சியிலிருந்து சந்திர வட்டத்தின் அகலத்தைவிடக் குறைந்த விலகலில் கடந்துசெல்கிறது. கல்முனைக்கும் காரைதீவுக்கும் அந்த விலகலும் இல்லை என்றே சொல்லலாம். 1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகிப் பின்னர் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தரின் வீட்டு முற்றத்துக்கும் இதுவே உச்சி நட்சத்திரம். மார்கழித் திருவாதிரையின்போது அது நள்ளிரவை அண்டி உச்சிக்கு வரும். முழுநிலவு அதற்கு வடக்கே நிற்கும். ஆனால் அது வடகீழ்ப் பருவமழைக் காலம், முகில் விடாது. பெப்ரவரி 25ஆம் திகதியளவில் இரவு 7.35க்கு முற்றத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்துப் பாருங்கள்.

நட்சத்திரங்களின் பெயர்களில் நமக்குக் குறைவில்லை. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணுக்கு வரன் பார்க்கையில் எத்தனை வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள்! அந்த மூலத்தைக் காட்டுங்கள் என்றால் கை நீட்டுவார் யாருமில்லை. யூலை இறுதியில் இரவு 9 மணிக்குத் தெற்கே 45 பாகை உயரத்தில், விருச்சிகத்தின் வாலில் அது பளிச்சென்று இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கும் அதனால் தீங்கு வந்ததற்கு ஆதாரமில்லை. பஞ்சாங்கத்தில் “இன்றைய நட்சத்திரம்” என்று போடுவது, சந்திரன் தன் பாதையின் 27 கூறுகளில் எதில் நிற்கிறது என்பதையே. நல்லதொரு சிறுவர் நூல் அதை ஒரு பக்கத்தில் விளக்கிவிடலாம்.

அத்தகைய நூல்தான் நமக்கு வேண்டும். கொழும்பில் 1965 முதல் கோளரங்கம் இருக்கிறது. மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திடம் 1996இல் ஜப்பான் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. அவற்றுக்குப் பணம் செலவிடுவதை நான் குறைசொல்லமாட்டேன், இன்னும் கூடச் செலவிடவேண்டும் என்பவன் நான். ஆனால் படுவான்கரைப் பிள்ளை அங்கே போக ஒரு நாள் முழுதும் பேருந்தில் இருக்கவேண்டும். வெளிநாட்டு நூலைத் தமிழாக்குபவர்கள் வசனங்களை மொழிபெயர்த்துவிட்டு, வரைபடத்தை மட்டும் அப்படியே அச்சிடுகிறார்கள். 50 பாகை அகலக்கோட்டுக்குரிய வட்டு தமிழ்ப் பெயர்களோடு நம் கையில் வந்து சேர்கிறது. சாளரத்தைத் திருத்தி வரைய ஒரு வரைஞருக்கு ஒரு பகற்பொழுது போதும். நூலகத்துக்கோ பாடசாலைக்கோ நூல் வாங்குபவர்கள், அட்டைப்படத்தைப் பார்க்குமுன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, வட்டின் ஓரத்தில் எந்த அகலக்கோடு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

களுவாஞ்சிகுடி மாணவி மேலே சொன்ன வட்டை அப்படியே பயன்படுத்தலாம். 8 மில்லிமீற்றரில் மாற்றம் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள தோழிக்கு ஒன்று செய்து அனுப்புவதானால் நடுவில் அந்த 8ஐ 10 ஆகவும், பக்கத்திலுள்ள 6ஐ ஏறத்தாழ எட்டாகவும் ஆக்கவேண்டும். நட்சத்திரத் தட்டில் கைவைக்கத் தேவையில்லை.