கால் இன்ச் தையல் நெஜமாவே கால் இன்ச் தானா? குவில்ட் தைக்க ஆரம்பிக்கிறவங்க கவனிக்க வேண்டியது

ப்ளவுஸ் சூப்பரா தைக்கிறவங்க தான் குவில்ட்ல முதல்ல மாட்டுறாங்க. தண்டையார்பேட்டைல தையல் கிளாஸ் எடுக்குறதால இதை திரும்பத் திரும்பப் பாக்குறேன். ப்ளவுஸ்ல உள் பக்கம் துணியை தாராளமா விட்டுத் தைப்போம், டைட்டா இருந்தா பிரிச்சு விடலாம், லூஸா இருந்தா இன்னொரு ஓட்டு ஓட்டிக்கலாம், அதனால தையல் கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. குவில்ட்ல அந்த சலுகையே கிடையாது. துண்டு துணிகளை ஜாயின்ட் பண்ணி மேல் பக்கம், நடுவுல பஞ்சு ஷீட், அடியில ஒரு முழுத் துணி, இதான் குவில்ட், இதுல மேல் பக்கத்தோட ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கால் இன்ச் தான் விடுறது.

கணக்கைப் பாருங்க. நம்ம தையல் பாஷைல ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், கால் இன்ச்னா ரெண்டு நூல். நீங்க அரை நூல் கூட விட்டுத் தச்சீங்கன்னு வைங்க, கண்ணுக்கே தெரியாது. ஆனா அந்த அரை நூல் ரெண்டு துண்டுலயும் போகுது, அப்போ ஒரு ஜாயின்ட்டுக்கு ஒரு நூல் காலி. ரெண்டரை இன்ச் கட்டம் ஒம்போது வரிசையா தச்சா எட்டு ஜாயின்ட், எட்டு நூல், முழுசா ஒரு இன்ச் போச்சு. பதினெட்டரை வர வேண்டிய வரிசை பதினேழரை வரும், பக்கத்து வரிசையை வேற நாள் வேற மூட்ல தச்சிருப்பீங்க, அது பதினெட்டு வரும், அப்புறம் ரெண்டையும் சேர்க்கும்போது இழுத்துப் பிடிச்சு தைக்கிறது, நடுவுல சுருங்குறது, எல்லாம் வரிசையா வரும்.

"அக்கா, ஃபுட் ஓரத்துல கரெக்டா வச்சு தான்க்கா ஓட்டுனேன்"னு சொல்லுவாங்க. ஓட்டிருப்பாங்க தான், அதுல பொய் இல்ல. ஆனா ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம், அதோட ஓரத்துக்கும் ஊசிக்கும் நடுவுல கால் இன்ச் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, மிஷினுக்கு மிஷின் மாறும், ஒரே மிஷின்ல ஃபுட் மாத்துனாலே மாறும். அதனால இதைச் செய்ங்க. ஸ்கேல்ல அளந்து ஓரத்துலேர்ந்து கால் இன்ச்ல ஒரு பேப்பர்ல பென்சில் கோடு போடுங்க, கோட்டை ஊசிக்கு நேரா வச்சு, சக்கரத்தை கையால சுத்தி ஊசியை அந்தக் கோட்டு மேலயே இறக்குங்க. பேப்பர் நேரா இருக்கான்னு பாத்துட்டு ஃபுட்டை இறக்கி, பேப்பரோட வலது ஓரம் எங்க வருதோ அங்க மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு மடிப்பா திக்கா ஒட்டுங்க, துணி வந்து இடிச்சு நிக்கணும். ஃபுட்டுக்கு அடியில துணியை நகத்துற பல்லு மேல மட்டும் டேப் ஏறக்கூடாது, துணி நகராது. பழைய கறுப்பு மிஷின் வச்சிருக்கவங்க தட்டுக்கு வலது பக்கம் பாருங்க, ஸ்க்ரூ போடுற ஓட்டை இருக்கும், அது இந்த மாதிரி கைடு மாட்டுறதுக்குத் தான் வச்சிருக்காங்க, பாதி பேர் அதுல அழுக்கு தான் சேத்து வச்சிருக்காங்க.

டேப் ஒட்டிட்டோம்னு அப்டியே ஆரம்பிச்சிடாதீங்க. ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி நீளவாக்குல ஜாயின்ட் பண்ணி, அயர்ன் பண்ணி, நடுப் பட்டையை மட்டும் அளங்க. ஒரு இன்ச் இருக்கணும். குறைஞ்சா டேப்பை ஊசி பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்க, கூடுனா அந்தப் பக்கம். முதல் தடவை பெரும்பாலும் குறைஞ்சு தான் வரும், ஏன்னா துணி மடங்குற இடமும் நூலோட தடிமனும் கொஞ்சம் எடத்தைச் சாப்பிடும். அதனால உண்மைல தைக்க வேண்டியது கால் இன்ச்சுக்கு ஒரு பொடி கம்மி. தடி நூல் போட்டா இன்னும் சாப்பிடும், மெல்லிசு காட்டன் நூலா வாங்குங்க. ஊசி 16, 18ன்னு மாட்டியிருந்தா கழட்டிட்டு 14 போடுங்க, பாப்ளினுக்கு அது போதும். இன்ச்சுக்கு பத்துலேர்ந்து பன்னெண்டு தையல்.

துணி விஷயம். எம்.சி. ரோட்லயோ கோடவுன் தெருலயோ வாங்கப் போறீங்கன்னா முதல் குவில்ட்டுக்கு பாப்ளின் மட்டும் வாங்குங்க, டூ பை டூ ப்ளவுஸ் துணி வழுக்கும், பாலியெஸ்டர் கலந்தது அயர்ன்ல மடங்காது. வீட்ல இருக்குற ப்ளவுஸ் பிட்டெல்லாம் சேத்து தைக்கலாமேன்னு தோணும், தோணட்டும், ரெண்டாவது குவில்ட்ல பாத்துக்கலாம். வாங்குனதை ஒரு தண்ணி போட்டு, லேசா கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்க. கஞ்சி போட்ட துணி இழுபடாது, நம்ம பக்கம் கடல் காத்துல துணி சீக்கிரம் நமுத்துப் போறதால வெட்டுற அன்னிக்கே இன்னொரு வாட்டி அயர்ன் பண்ணிக்கிறது நல்லது. கரையை வெட்டி எடுத்துடுங்க, அந்த நெசவு வேற மாதிரி சுருங்கும்.

வெட்டுறதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். டெய்லர் சாக்குல கோடு போடாதீங்க! மொட்டையான சாக்கு கோடே அரை நூல் அகலம் வரும், கோட்டுக்கு உள்ள ஒருத்தர் வெட்டுறாங்க, வெளிய ஒருத்தர் வெட்டுறாங்க, தைக்கிறதுக்கு முன்னாடியே அளவு போயிடுச்சு. கூர் சீவுன பென்சில் போதும். இன்ச் டேப் பழசானா இழுபட்டுப் போகும், அதனால வெட்டுறதுக்கும் தச்சப்புறம் அளக்குறதுக்கும் ஒரே இரும்பு ஸ்கேல். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டுற வட்டக் கத்தி), அதுக்கு அடியில போடுற மேட் வாங்க முடிஞ்சா வாங்குங்க, இல்லன்னா ரெண்டு மடிப்புக்கு மேல கத்திரில வெட்டாதீங்க, அடி மடிப்பு நகந்துடும்.

தைக்கும்போது ஊசியைப் பாக்காதீங்க, துணி டேப்ல இடிக்கிற எடத்தைப் பாருங்க. கடைசி அரை இன்ச்ல தான் எல்லாரும் கையை விட்டுடுறாங்க, தையல் ஓரத்தைப் பாத்து ஓடிடும், அந்த எடத்துல தான் அடுத்த ஜாயின்ட் வந்து உக்காரும். ஆரம்பத்துல ஒரு வேஸ்ட் பிட்டு மேல நாலு தையல் ஓட்டிட்டு நூலை அறுக்காம அப்டியே அடுத்தடுத்த ஜோடியை உள்ள விடுங்க, பூ கட்டுற மாதிரி வரிசையா வரும், முனை பல்லுக்குள்ள மாட்டாது, நூலும் மிச்சம்.

அயர்ன் பண்றப்போ சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி இழுக்கக் கூடாது, வச்சு அழுத்தி எடுக்கணும். முதல்ல தையலை மூடுன மாதிரியே ஒரு அழுத்து, அப்புறம் விரிச்சு, மடிப்பை டார்க் கலர் பக்கம் தள்ளி ஒரு அழுத்து. டார்க்கும் லைட்டும் மாத்தி மாத்தி வச்சு தச்சா ஒரு வரிசைல மடிப்பு வலது பக்கம் போற எடத்துல அடுத்த வரிசைல இடது பக்கம் போகும், ரெண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்பு ஒண்ணுக்கொண்ணு பூட்டிக்கும், விரலால தடவுனாலே தெரியும். எல்லாம் ஒரே நிறம்னா நீங்களே வரிசைக்கு வரிசை பக்கத்தை மாத்தி தள்ளிக்குங்க.

அப்படியும் ஒரு முனை அரை நூல் தள்ளி நின்னா விட்டுடுங்க, பஞ்சு வச்சு தச்சப்புறம் அது தெரியாது. ஒரு நூலுக்கு மேல போச்சுன்னா பிரிங்க, ஆனா ரெண்டு துணியையும் பிடிச்சு டர்ருனு கிழிக்காதீங்க, ஓரம் இழுபட்டு அந்தத் துண்டே அளவு மாறிடும். ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒண்ணு வெட்டிட்டு மறுபக்கம் நூலை உருவுங்க, முழுசா வந்துடும், அயர்ன் வச்சு ஸ்கேல்ல அளந்து பாத்துட்டு மறுபடி ஓட்டுங்க.