மூட்டில் நோய் வந்தால் மூளை ஏன் மந்தமாகிறது?

"அம்மாவுக்கு முடக்குவாதம். நோய் விரல் மூட்டுகளில்தானே இருக்கிறது? ஆனால் செய்தித்தாளில் ஒரே பத்தியை மூன்று தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். பேச்சின் நடுவில் சொல் கிடைக்காமல் நிற்கிறார். எதிலும் பிடிப்பில்லை. கவலையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கவலையும் இருக்கும். வலியும் தூக்கக் குறைவும் கவனத்தைத் தின்னும். ஆனால் அவற்றோடு முடிந்துவிடுவதில்லை.

காய்ச்சலின் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். பசிக்காது, யாரோடும் பேசப் பிடிக்காது, எளிய கணக்கும் ஓடாது. நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள்தான் இதற்கு முக்கியக் காரணம். அவற்றின் செய்தி இரத்தம் வழியாகவும், உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. 'படு, சக்தியைச் சேமி' என்பதே செய்தி. இது உடலின் தோல்வி அல்ல, பிழைக்கும் உத்தி என்று 1988-இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை அறிவியலாளர் எழுதினார்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை நம் உடலால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். உடலுக்குள் வளரும் சில நுண்ணுயிரிகளுக்கும் அது வேண்டும். அதனால் தொற்று வந்ததும் நம் அணுக்கள் ஐடிஓ என்ற நொதியை முடுக்கிவிட்டு, தங்களிடம் உள்ள டிரிப்டோபானையே சிதைத்துவிடுகின்றன. எதிரி படை வரும் வழியில் நம் வயலை நாமே எரிப்பது போல! உள்ளே புகுந்த கிருமி பட்டினி கிடக்கிறது.

ஆனால் மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை மூளை செய்வதும் இதே டிரிப்டோபானிலிருந்துதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும், எரிந்த வயலின் சாம்பலைக் கவனியுங்கள். டிரிப்டோபான் சிதைந்து வரும் கைனுரெனின் மூளைக்குள் நுழைய வல்லது. அங்கே மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் அதைக் குயினோலினிக் அமிலமாக மாற்றுகின்றன. நினைவுக்கும் கற்றலுக்கும் தேவையான குளுட்டமேட் ஏற்பிகளை (நரம்பணுக்கள் செய்தி வாங்கும் வாசல்களை) அது அளவுக்கு மீறித் தூண்டுகிறது.

காய்ச்சலில் இந்த ஏற்பாடு சில நாளில் அடங்கிவிடும். முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் நம் மூட்டுகளையே தாக்குகின்றன. கொல்வதற்குக் கிருமியே இல்லை, ஆனாலும் தீ அணைவதில்லை.

சைட்டோகைன் மனதைச் சோர்வாக்கும் என்பதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற சைட்டோகைனையே ஊசியாகப் போட்டார்கள். அதுவரை மனச்சோர்வே இல்லாத பலருக்குச் சில வாரங்களில் அது வந்தது. ஊசியால் வந்த சோர்வை யாரும் மன உறுதிக் குறைவு என்று சொல்லமாட்டார்கள். நோயால் வரும்போது மட்டும் 'மனசு வைத்தால் சரியாகும்' என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. மூட்டு ஆராய்ச்சிக்கு ஒரு நிதி, மனநல ஆராய்ச்சிக்கு வேறு நிதி என்று பிரித்துக் கொடுப்பதும் இதே பிழைதான். கைனுரெனின் அந்த எல்லையைப் பார்த்துப் பயணிப்பதில்லை.

வாசகிக்கு ஒன்று. அடுத்த முறை மருத்துவரிடம் விரல் வீக்கத்தைக் காட்டும்போது, செய்தித்தாளில் வரி நழுவுவதையும் அம்மா சொல்லட்டும். இரத்தசோகை, தைராய்டு, தூக்கம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. மூட்டு சரியாகும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.