பக்கவாதம்: சொல்லும் நோயும்

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் "அவருக்குக் கைகால் விழுந்துடுச்சு" என்பார்கள். இன்னொரு வீட்டில் அதுவே "ஸ்ட்ரோக்". எழுதும்போது பக்கவாதம். மூன்றும் ஒன்றுதானே என்றால், முழுக்க இல்லை. ஸ்ட்ரோக் மூளையில் நடப்பது. பக்கவாதம் அதனால் உடம்பில் தெரிவது. மூளையின் இடப்பாதி அடிபட்டால் வலது கைகால் விழும்.

வாதம் வடசொல், பொருள் காற்று. பட்டிமன்றத்து வாதம் வேறு சொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காற்று வாதத்துக்குத் தமிழ் வளி. "வளிமுதலா எண்ணிய மூன்று" என்கிறது 941ஆம் குறள். உடம்பில் ஓடும் காற்று கெட்டால் நோய் என்பது பழைய கணக்கு. அதனால்தான் மூட்டு வீங்கும் கீல்வாதமும் முடக்குவாதமும், வைரஸால் வரும் இளம்பிள்ளை வாதமும் ஒரே வாலோடு திரிகின்றன. முடக்குவாதம் என்றதும் கைகால் விழுவது என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. மருத்துவத் தமிழில் அது மூட்டு நோய்.

இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்தால் அது பக்கவாதம் ஆகாது. பெரும்பாலும் தண்டுவடத்தில் கோளாறு. முகம் மட்டும் கோணினால் முகவாதம், அதாவது முக நரம்பின் பாதிப்பு. அதில் அந்தப் பக்க நெற்றியையும் சுருக்க முடியாது. ஸ்ட்ரோக்கில் நெற்றி பெரும்பாலும் தப்பிக்கும். வீட்டில் வைத்து இதைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், எதுவானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே நல்லது. மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் கெடு. "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்ப்பதில் அந்த நேரம் போய்விடும். சொல்லுக்குள் இருக்கும் காற்று செய்கிற வேலை இது.

பக்கவாதத்துக்குப் பதில் என்ன எழுதலாம்? வாதத்தை எடுத்துவிட்டு வளியைப் போட்டாலும் காற்று காற்றுதான். 'பக்கச் செயலிழப்பு' சரியாக இருக்கும். காரணத்தைச் சொல்ல 'மூளை ரத்தக்குழாய் அடைப்பு', 'மூளை ரத்தக்கசிவு' என்று பிரித்து எழுதலாம். பேச்சுக்குப் பக்கவாதமே போதும், யாரும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஸ்ட்ரோக்குக்கு முதல் காரணம் நாம் 'பிரஷர்' என்கிற உயர் ரத்த அழுத்தம். பிரஷர் மாத்திரைப் பெயர்களின் வாலைப் பார்த்தால் குடும்பம் தெரியும். அம்லோடிபின் போன்ற 'டிபின்' வகை ரத்தக்குழாயைத் தளர்த்தும், சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் போன்ற 'ப்ரில்' வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அவர்களுக்கு லோசார்டான் போன்ற 'சார்டான்' வகைக்கு மாற்றுவார்கள். அட்டெனோலால் போன்ற 'லால்' வகை இதயத் துடிப்பைக் குறைக்கும். அப்புறம் ஆஸ்பிரின், இது பிரஷர் மாத்திரை இல்லை. "ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை" என்கிறோம், ஆனால் ரத்தம் நீர்ப்பதில்லை. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டிக் கட்டியாவதைத்தான் அது தடுக்கிறது. கைகால் விழுந்தவருக்கு ஸ்கேன் எடுக்கும் முன்னே வீட்டில் இதைக் கொடுக்கக் கூடாது. உள்ளே அடைப்பா கசிவா என்று தெரியாது. கசிவானால் ரத்தப்போக்கு அதிகமாகும்.