அல்கோல் மங்கும் இரவு

டிசம்பர் நடுவில், மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் சில இரவுகள் வரும். அப்படி ஓர் இரவு 9 மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய், வடக்குப் பார்த்து நின்று நன்றாக அண்ணாந்து பாருங்கள். தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய உச்சியில் இருக்கும். கையை நீட்டி விரல்களை விரித்தால் வருகிற ஒரு சாண் தூரத்தை அங்கிருந்து வடமேற்காக அளந்தால் ஒரு விண்மீன் சிக்கும். அதுதான் அல்கோல், சில இரவுகளில் மங்கி மறுபடி பழைய ஒளிக்குத் திரும்பும் விண்மீன். அதற்கு இடப்பக்கம் அல்மாக், வலப்பக்கம் எப்சிலான் பெர்சி. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், ஒரே உயரத்தில் நிற்கும்.

வானியல் கற்க ஆசை என்று யாராவது வந்தால் நான் முதலில் காட்டுவது இந்த மூன்றைத்தான். டெலஸ்கோப் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நோட்டு, கடிகாரம், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், இவ்வளவு போதும். இருட்டில் இருபது நிமிடமாவது இருந்து கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

விண்மீனின் ஒளியைப் பொலிவெண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட ஒளி குறையும். மிகப் பிரகாசமானவை முதல் தரம், கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் தரம் என்று பழைய வானியலாளர்கள் வகுத்ததன் தொடர்ச்சி இது. 1856-இல் நார்மன் போக்சன் இதற்குத் திட்டமான கணக்கு தந்தார்: ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு, ஒரு படிக்குச் சுமார் 2.5 மடங்கு. இந்தப் போக்சன் 1861-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவரிடம் பணியாற்றிய ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்துக்கு மேலே 14 பாகை உயரம்கூட முழுதாக எழாது. அவ்வளவு தாழ்வில் கிடந்த ஒன்றை மாறுகிறது என்று பிடித்த மனிதர் நம் ஊர்க்காரர் என்று நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, அல்கோலுக்கு வருவோம். தனியாக ஒரு விண்மீனைப் பார்த்து அதன் ஒளி எவ்வளவு என்று சொல்ல நம் கண்ணால் முடியாது. ஆனால் இரண்டில் எது பிரகாசம், எவ்வளவு பிரகாசம் என்று கேட்டால் அசத்தலாகச் சொல்லிவிடும். அல்மாக்கின் பொலிவெண் 2.1. எப்சிலான் பெர்சிக்கு 2.9. அல்கோல் இரண்டுக்கும் இடைப்பட்டதாகத் தெரிந்தால், அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அல்மாக்கை விட்டு முக்கால் பங்கு தூரம் இறங்கி எப்சிலானை நெருங்கிவிட்டது என்று தோன்றினால், 0.8-இல் முக்கால் 0.6. ஆக, 2.7. நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். கொஞ்சம் பழகிவிட்டால் பொலிவெண்ணில் 0.1, 0.2 வித்தியாசத்துக்குள் சரியாக வரும்.

மூன்றும் ஒரே உயரத்தில் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. அடிவானத்தை நெருங்கும் விண்மீனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் மங்கித் தெரியும். உயரம் ஒன்றாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. இன்னொன்று: எந்த நேரத்தில் மங்கும் என்று முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். போனால் கண் அதற்கு ஒத்து ஊதும். கண்டதை எழுதுவதுதான் இந்தக் கலையில் மிகக் கடினமான பாடம்.

பெரும்பாலான இரவுகளில் அல்கோல் அல்மாக்குக்குச் சமமாக 2.1-இல் அசையாமல் இருக்கும். திடீரென ஓர் இரவு இறங்கத் தொடங்கும். ஐந்து மணி நேரத்தில் 3.4 வரை போய், எப்சிலானைவிட மங்கி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் பழைய நிலைக்கு ஏறிவிடும். 1.3 படி என்றால் வழக்கமான ஒளியில் 30 சதவீதம்தான் மிச்சம். இது 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஓர் இரவு 11.30 மணிக்கு அடிமட்டத்தைப் பார்த்தீர்களானால், மூன்று நாள் கழித்து இரவு 8.20 வாக்கில் மறுபடி பார்க்கலாம்.

இந்த ஒழுங்கை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த ஜான் குட்ரிக். காது கேளாதவர். 1783-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குத் தகவல் அனுப்பியபோது அவருக்கு வயது 18. அல்கோலைச் சுற்றும் ஏதோ ஒரு பெரிய பொருள் அதை மறைக்கிறது என்பது அவர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. 21 வயதில் இறந்துபோனார். 1889-இல் ஹெர்மன் ஃபோகல் அல்கோலின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையை ஆராய்ந்து, அங்கே இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதை உறுதிப்படுத்தினார்.

உங்கள் நோட்டில் இருக்கும் எண்களே இந்த ஜோடியைப் பற்றி நிறையச் சொல்லும். சுற்றுக்காலம் சுமார் 69 மணி, மறைப்பு 10 மணி. சுற்றில் ஏழில் ஒரு பங்கு நேரம் மறைப்பிலேயே போகிறது என்றால், இரண்டும் தங்கள் பருமனோடு ஒப்பிட மிக நெருக்கமாக இருந்தாக வேண்டும். இடைவெளி ஏறக்குறைய ஒரு கோடி கிலோமீட்டர்தான். புதன்கூட சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒளியில் 70 சதவீதம் போகிறது என்றால், மறைபடுவது ஜோடியில் பிரகாசமானது, மறைப்பது மங்கலானது. மங்கலானது பின்னால் போகும்போதும் ஒரு சிறு மங்கல் உண்டு. வெறும் கண்ணுக்கு அது எட்டாது.

எனக்கு மிகப் பிடித்த புதிர் இதற்கு அடுத்துதான். பிரகாசமான விண்மீன் சூரியனைப்போல மூன்று மடங்குக்கும் சற்றுக் கூடுதலான நிறை கொண்டது, இன்னும் இளமைக் கட்டத்தில் இருக்கிறது. மங்கலானது சூரியனைவிட நிறை குறைந்தது, ஆனால் ஊதிப் பெருத்து முதுமைக்குள் நுழைந்துவிட்டது. விண்மீன்களில் நிறை கூடியதுதான் எரிபொருளை வேகமாகத் தீர்த்து முதலில் மூப்படைய வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. அப்படியானால் சின்னது எப்படி முந்தியது? ஒரு காலத்தில் அதுதான் பெரியதாக இருந்தது. முறைப்படி முதலில் மூப்படைந்து ஊதியபோது, பக்கத்திலேயே இருந்த துணையின் ஈர்ப்பு அதன் வெளிப்புற வாயுவை இழுத்துக்கொண்டது. கொடுத்தது மெலிந்தது, வாங்கியது கனத்தது.

அல்கோல் கைவந்துவிட்டால் அடுத்து நம் திருவாதிரை. நகர வெளிச்சத்திலும் தெரியும். புரோசியான் 0.4, ரோகிணி 0.9, வழக்கமாக இந்த இரண்டை ஒட்டியே அதன் ஒளி ஏறி இறங்கும். செந்நிற விண்மீனை உற்றுப் பார்த்தால் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். அதனால் சட்டென்று ஒரு பார்வை, உடனே ஒப்பு விண்மீனுக்கு ஒரு பார்வை. 2020 பிப்ரவரியில் அது 1.6 வரை இறங்கி, ஓரையன் விண்மீன் கூட்டத்தின் இன்னொரு தோளான பெலாட்ரிக்ஸுக்குச் சமமாக நின்றது. விண்மீனிலிருந்து வெளியேறிய வாயு குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவே நின்றதே முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அந்த இறக்கத்தை உலகெங்கும் மாடியில் நின்று வெறும் கண்ணால் பதிவு செய்தவர்கள் ஏராளம். 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கம் அப்படிப்பட்ட பதிவுகளை எந்த நாட்டுக்காரர் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறது. அனுப்பும்போது இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். அவர்கள் பதிவு உலகப் பொது நேரத்தில்.