பிங்: கூப்பிடு தூரம், கூப்பிடு நேரம்

"பிங் எவ்வளவு காட்டுது?" என்று ஆன்லைனில் விளையாடும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். 40 மில்லிநொடி (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் சரி, 200 என்றால் ஆட்டமே போச்சு. அலுவலகத்தில் "மதியம் பிங் பண்ணு" என்றால் ஒரு மெசேஜ் போடு என்று பொருள். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

அந்த வேர் ஓர் ஓசை. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்பும், அது எதிலாவது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அந்த ஒலியைக் காதில் விழுந்தபடியே 'பிங்' என்றார்கள். நம் இலக்கணத்தில் ஒலிக்குறிப்புச் சொல். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த மைக் மியூஸ், வலையமைப்பில் வந்த கோளாறைத் தேடப்போய் ஒரே இரவில் ஒரு நிரலை எழுதினார். இன்னொரு கணினிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது அளக்கும். கல்லூரியில் சோனாரோடு பழகியவர், அதனால் அந்த ஓசையையே பெயராக வைத்தார். 'பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்' (குரோப்பர் என்றால் தடவித் தேடுபவர்) என்பதன் சுருக்கம்தான் பிங் என்று சொல்வது பிறகு ஒட்டவைத்த விரிவாக்கம். அதை நம்பி மொழிபெயர்த்தால் தமிழ்ச்சொல் தடம் மாறிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எதிரொலிச் சோதனை' தவறில்லை, ஆனால் வாயில் நிற்காது. எனக்குப் பிடித்தது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: கூப்பிடு தூரம். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தொலைவு. குரலை வைத்தே தூரத்தை அளந்த மொழிக்குப் பிங் புதிதில்லை. பிங் பண்ணிப் பார் என்பதற்குக் 'கூப்பிட்டுப் பார்', அது காட்டும் எண்ணுக்குக் 'கூப்பிடு நேரம்' என்று சொல்லலாம். போய் வர ஆகும் மொத்த நேரம்தான் அந்த எண், ஒருவழி நேரம் அல்ல என்பதும் அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் ஒன்று சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், ஆகவே போய் வரவே 32 மில்லிநொடி. எவ்வளவு பணம் கட்டி வேகமான இணைப்பு வாங்கினாலும் அந்த வழியில் கூப்பிடு நேரம் இதற்குக் கீழே இறங்காது. அதற்கு மேல் கூடுகிற மில்லிநொடிகள் பெரும்பாலும் வழியில் வரிசையில் நின்றதாலோ சுற்றிப் போனதாலோ வருபவை. அந்தத் தாமதத்துக்குச் 'சுணக்கம்' என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். "சுணங்காமல் வா" என்று ஈழத்தில் இன்றும் பேசுகிறார்கள்.

கூப்பிட்டும் பதில் வராவிட்டால்? அதுதான் பாக்கெட் லாஸ், பொதி இழப்பு. வலையமைப்பில் தகவல் சிறு சிறு துண்டுகளாகப் போகும், அந்தத் துண்டுதான் பாக்கெட். 'பாக்கெட்' என்ற பெயரை 1960களில் தேர்ந்தெடுத்தவர் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ். மற்ற மொழிகளிலும் இதற்கு ஈடான சொல் கிடைக்குமா என்று மொழியறிஞரிடம் கேட்டுவிட்டே தேர்ந்தெடுத்தார், அதனால் தமிழாக்க நமக்குத் தயக்கமே வேண்டாம். பொட்டலம், சிப்பம், பொதி எல்லாம் புழங்குகின்றன. பொதிமாடு முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போன பொதிதான் எனக்கு நெருக்கம், ஏனென்றால் இதுவும் இடம் மாறி மாறிப் போகிற சுமை.

ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் வழக்கமாக 4 முறைதான் கூப்பிடும், ஒன்று தவறினாலே 25 விழுக்காடு இழப்பு என்று காட்டிவிடும். அதை வைத்து இணைப்புக் கொடுத்தவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 100 முறையாவது கூப்பிட்டுப் பாருங்கள், வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைச் செருகி இன்னொரு 100. கேபிளிலும் பொதிகள் தொலைந்தால் அப்புறம் போன் போடலாம்.