‘விசேட கல்வி’ என்றால் என்ன விசேஷம்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், பத்தாம் தரத்துப் பையனின் அம்மாவை அதிபர் கூப்பிட்டுப் பேசியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். பையனுக்குப் பார்வை மங்கல். கரும்பலகையில் எழுதுவது எதுவும் அவனுக்குத் தெரியாது. “மகனை விசேட கல்வி அலகில் ஒருக்கா காட்டுவோம்” என்றார் அதிபர். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி வந்திருந்த அந்த அம்மா, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “என்னா விசேசம் டீச்சர்? அலகுன்னு வேற சொல்றாரு?”

அவரைக் குறை சொல்ல முடியாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், விசேஷம் என்றால் கல்யாணம், சடங்கு, திருவிழா. அலகு என்றால் மாரியம்மன் திருவிழாவில் குத்துவது. அதிபர் சொன்ன அலகு, பாடசாலையின் ஒரு பிரிவு. இரண்டையும் ஒட்டவைத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெயராகச் சொன்னால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும்.

விசேட என்பது வடமொழி ‘விசேஷ’தான். மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கும்போது தனித்து நிற்கும் தன்மை என்பது அதன் அடிப்பொருள். பொருள்களின் இந்தத் தனித்தன்மையை ஆராய்ந்த தத்துவத்துக்கு வைசேடிகம் என்று பெயர். மணிமேகலை சமயவாதிகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டு போகும் காதையில் வைசேடிகவாதியும் வருகிறான். சொல்லின் நடுவில் வரும் ஷ, தமிழில் ட ஆவது பழைய வழக்கம், நன்னூலும் ஒத்துக்கொண்டது. வருஷம் வருடமானது, விஷம் விடமானது, விசேஷம் விசேடமானது. (அதே கல்வித் திணைக்களக் கடிதத்தில் சிரேஷ்ட (மூத்த), கனிஷ்ட (இளைய) என்று ஷ அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்கக் கூடாது.)

ஆக ஒரே வேரிலிருந்து நமக்கு இரண்டு சொற்கள். வீட்டுக்கு விசேஷம், அரசாங்கத்துக்கு விசேட. இலங்கைத் தமிழில் இந்த இரண்டாவது சொல்லுக்கு ஓய்வே கிடையாது. விசேட அதிரடிப்படை, விசேட வைத்திய நிபுணர், விசேட வர்த்தமானி. பரீட்சையில் நன்றாகச் செய்த பிள்ளைக்கு விசேட சித்தி. பரீட்சை நெருங்கும்போது பின்னேரத்தில் வைப்பது விசேட வகுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைக்கும் ஒரே அடைமொழிதான். சிங்களத்திலும் இதே விசேஷ என்ற சொல்தான் வழங்குகிறது. அரசாங்கக் கடதாசித் தமிழில் அது இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு அந்தப் பக்கத்துத் துணையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, நல்ல தமிழ் எது? தமிழ்நாட்டில் சிறப்புக் கல்வி என்கிறார்கள். சிறப்பு என்றாலும் நம் காதில் முதலில் விழுவது மேன்மைதான். “சிறப்பா செஞ்சிட்டீங்க” என்போமே, அந்தச் சிறப்பு. வேடிக்கை என்னவென்றால், திருவிழா என்ற பொருளும் இதற்கு உண்டு. ‘சிறப்பொடு பூசனை செல்லாது’ என்று வள்ளுவர் மழையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சிறப்பு என்றால் விழா. ஆக இந்தப் பக்கம் போனாலும் அந்த அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கும்!

ஆனால் சிறப்புக்கு இன்னொரு முகம் உண்டு, அது இலக்கண வகுப்பில் இருக்கிறது. மரம் பொதுப்பெயர், பலா சிறப்புப்பெயர். எல்லாவற்றுக்கும் பொருந்துவது பொதுவிதி, ஒன்றுக்கு மட்டும் உரியது சிறப்புவிதி. பலா மற்ற மரங்களைவிட உசத்தி என்றோ தாழ்த்தி என்றோ இதில் பேச்சே இல்லை. ஆங்கிலத்து ஸ்பெஷல் என்ற சொல்லும், வகை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்துதான் வந்தது. எல்லாருக்கும் நடப்பது பொதுக் கல்வி, இந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி நடப்பது சிறப்புக் கல்வி. சொல்லுக்குச் சொல் இவ்வளவு அச்சொட்டாகப் பொருந்துவது அபூர்வம். என்னைக் கேட்டால் சிறப்புக் கல்விதான் சரியான தமிழ். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் விசேட கல்வி என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் கந்தோரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அடைமொழி கல்விக்கு உரியது, பிள்ளைக்கு அல்ல. ‘விசேட பிள்ளை’, ‘சிறப்புக் குழந்தை’ என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்கு அது கூசும். 1978இல் இங்கிலாந்தில் மேரி வார்னொக் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, பிள்ளையின் குறைக்குப் பெயர் வைப்பதை விட்டு, ‘விசேட கல்வித் தேவை’ என்று பேசச் சொன்னது. நம் படிவங்களில் வரும் ‘விசேட தேவையுடைய மாணவர்’ அந்த வழியில் வந்தவர். அதற்கு முன் நம்மிடம் இருந்தவை அங்கவீனர், வலது குறைந்தோர். அவற்றை இப்போது திரும்பப் படித்தாலே மனம் சுருங்குகிறது.

மேல் வகுப்புகளுக்கு வந்தால் இன்னும் சில சொற்கள் சேரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் திட்டம் தனியாள் கல்வித் திட்டம். அமெரிக்காவில் 1975இலேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். மாணவருக்குப் பதினாறு வயதாகும்போது, பள்ளிக்கூடம் முடிந்து என்ன செய்யப் போகிறார் என்ற திட்டமும் அதில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இதற்கு நான் நிலைமாறுகாலத் திட்டம் என்று எழுதுவேன். நிலைமாறுகால நீதி என்று செய்தியில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிய சொல்தானே. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் பக்கத்தில், அந்தப் பதினாறு வயதுதான் எல்லாம் முடிவாகும் வயது.

எனக்குச் சண்டை ‘சலுகை’ என்ற சொல்லோடுதான். பரீட்சையில் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள் என்று கொடுப்பதையெல்லாம் சலுகை என்றே சொல்கிறார்கள். சலுகை என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் இதை நியாயமான வசதி செய்து கொடுத்தல் என்கிறது, மறுத்தால் அது பாரபட்சம் என்றும் சொல்கிறது. ‘வசதி’ போதும். மூக்குக்கண்ணாடியை யாரும் சலுகை என்பதில்லை.

அன்றைக்கு அந்த அம்மாவுக்கு இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. “தம்பிக்குக் கண்ணுக்கு ஏத்த மாதிரி படிச்சுக் குடுக்கிறதுக்குப் பேருதான் அது, அக்கா” என்றேன். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பிறகு படிவத்தை நிரப்பினோம். ‘விசேட தேவைகள்’ என்ற இடத்தில் முன் வாங்கில் இடம், பெரிய எழுத்து, மேலதிக நேரம் என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பஸ்ஸு போர்டும் தெரியாது டீச்சர், எந்த பஸ்ஸுன்னு கேட்டுக் கேட்டுத்தான் ஏறுவான். அதையும் எழுதுங்க” என்றார். கோட்டுக்கு வெளியே, ஓரத்தில் இருந்த இடத்தில் எழுதினேன்.