சேறு காலைப் பிடித்துக்கொள்வது எப்படி?

"நண்பனோடு மால்டன் சேற்றோட்டத்தில் ஓடினேன். பாதி வழியில் ஒரு கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இறுகியது, ஏன்? முடித்ததும் ஆளுக்கு ஒரு பைன்ட் பீர் குடித்தோம், அது சரியா?" என்று இங்கிலாந்தில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மால்டன், எசெக்ஸில் பிளாக்வாட்டர் ஆறு கடலைத் தொடும் பகுதியில் இருக்கும் ஊர். கடல் நீர் வற்றும் நேரத்தில் ஆற்றுப் படுகையைச் சேற்றோடு சேறாகக் கடந்து திரும்ப வேண்டும், அதுதான் போட்டி. 1970களில் தொடங்கியபோதே இதில் பீர் உண்டு. அக்கரைக்கு ஓடி, அங்கே ஒரு பைன்ட் குடித்துவிட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறார்கள்.

வெறும் மணலை நீரில் குழைத்தால் இந்தப் பிடி வராது. பிடியைத் தருவது களிமண். அதன் துகள்கள் மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய தட்டைத் தகடுகள். அவற்றின் பரப்பில் எல்லாம் ஒரே எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று விலக்கும். உப்பு நீரில் கதையே வேறு. சோடியம் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சுற்றிச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. விலக்கு விசை தளர்ந்ததும் தகடுகள் நெருங்கி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பரப்பில் ஒட்டி, சீட்டுக்கட்டு வீடு போல நிற்கின்றன. உள்ளே நிறைய நீர், வெளியே பார்த்தால் திடமான தரை! 1882 முதல் தயாராகும் மால்டன் உப்பு உலகப் புகழ் பெற்றது. அதே கழிமுகத்து உப்புதான் இந்தச் சேற்றுக்கும் வலு கொடுக்கிறது.

இப்போது கால் விழுகிறது. வீடு சரிகிறது, சேறு இளகுகிறது, கால் இறங்குகிறது. ஒரு கணம் அசையாமல் நின்றால் போதும், துகள்கள் காலைச் சுற்றி மறுபடி ஒட்டத் தொடங்கிவிடும். காலை மேலே இழுக்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகப் பார்க்கும். அதை நிரப்ப நீர் வர வேண்டும். ஆனால் களிமண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மிக மெதுவாகத்தான் கசியும். அதனால் அடியில் அழுத்தம் குறைகிறது, மேலிருந்து காற்றழுத்தம் அமுக்குகிறது. பாதத்தின் பரப்பு 200 சதுர செ.மீ. என்று வையுங்கள். காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அடியில் குறைந்தாலே 20 கிலோ எடையைக் காலில் கட்டியதற்குச் சமம். போதாததற்கு, ஒரு காலை இழுக்க மற்றக் காலை ஊன்ற வேண்டும், அதுவும் இறங்கும்.

ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பான் குழுவினர் ஈரானின் உப்பு ஏரிப் பகுதியில் உள்ள, களிமண்ணும் கலந்த புதைமணலை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. படிந்து இறுகிய புதைமணலிலிருந்து நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் காலை எடுக்கச் சுமார் 10,000 நியூட்டன் வேண்டும், அதாவது ஒரு டன் எடையைத் தூக்கும் விசை. சரி, புதைகுழி ஆளையே விழுங்கும் என்ற பயம்? அதே ஆய்வு அதையும் தீர்த்து வைத்தது. மனித உடலின் அடர்த்தி அந்த மணலின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான், அதனால் இடுப்புக்கு மேல் இறங்காது. மண்ணுக்குப் பசியும் இல்லை, கோபமும் இல்லை. கழிமுகத்தில் உண்மையில் அஞ்ச வேண்டியது, கால் சிக்கி நிற்கும்போது திரும்பி ஏறிவரும் கடல் நீருக்குத்தான்.

எனவே சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். குதிகாலைச் சிறிது சிறிதாக ஆட்டி, நீரும் காற்றும் அடியில் புக வழிவிட்டு மெல்ல எடுங்கள். நண்பர் கையைப் பிடித்து இழுப்பதைவிடத் தோள் கொடுப்பது நல்லது, மற்றக் காலின் சுமை குறையும். மால்டனில் பலர் தவழ்ந்தே கடப்பதும் எடையைப் பரப்பத்தான்.

இதே உப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே சாட்சி. அங்கே பழைய கடலடிக் களிமண் நிலமாக உயர்ந்து, நிலத்தடி நன்னீர் அதன் உப்பை மெல்லக் கழுவிவிட்டது. தகடுகளின் அடுக்கு மட்டும் வலுவிழந்து நிற்கிறது. 1978இல் ரிஸ்ஸாவில் கொட்டகை கட்டத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்ததே போதுமாக இருந்தது, பண்ணைகள் அப்படியே வழிந்து ஏரிக்குள் போயின. 2020 டிசம்பரில் யெர்ட்ரூமில் இதே வகைக் களிமண் சரிந்து 10 பேர் இறந்தார்கள். கூழாகிப்போன அந்தக் களிமண்ணில் உப்பைக் கலந்தால் மறுபடி கெட்டியாகிறது! வானத்தைப் பார்க்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் மரியாதையும் பணமும் சேற்றைப் பார்க்கும் ஆய்வுக்குக் கிடைக்காதது எனக்குப் பெரிய வருத்தம். வீடு கட்டுவது இதன் மேல்தானே?

அப்புறம், பீர். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரஸின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்குகிறது. வியர்த்துக் களைத்தவர்களுக்கு வெவ்வேறு அளவு ஆல்கஹால் கலந்த பானங்களைக் கொடுத்துப் பார்த்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், 2 சதவீதம் வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 4 சதவீதத்தில் இழந்த நீர் மீள்வது தாமதமானது. மதுக்கூடத்து பீர் பெரும்பாலும் 4 சதவீதமோ அதற்கு மேலோதான். ஆகவே முதலில் தண்ணீர், கூடவே கொஞ்சம் உப்புள்ள தீனி. அதற்குப் பிறகு நண்பரோடு அந்த ஒரு பைன்ட்டைத் தாராளமாக ரசிக்கலாம், காரை வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால்.